மீன் பார்க்கும் வானம்

காரைக்காலில் அரசலாற்றங்கரையில் சாயங்காலம் தூண்டில் போட வருகிறவர் கையில் ஒரு டப்பா மண்புழு இருக்கும். புழு கிடைக்காத நாளில் மைதா உருண்டை. தங்கூசி நரம்பில் தக்கையைக் கட்டி, முள்ளில் புழுவைக் கோத்து எறிந்துவிட்டுக் காத்திருந்தால் கெளுத்தியோ சிலேபியோ மாட்டும். மீனுக்கு இரை வேண்டும், இரைக்கு வாசனை வேண்டும் என்பது ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்.

நீலகிரியின் அவலாஞ்சியில் இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கே ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்கள் பொடி முள் ஒன்றில் சேவலின் கழுத்து இறகையும் கொஞ்சம் நூலையும் சுற்றி, அதையே இரை என்று வீசுகிறார்கள். தின்ன அதில் எதுவும் இல்லை. வாசனையும் இல்லை. போதாததற்கு அது நீருக்குள் இறங்குவதுமில்லை. நனையாமல் மேற்பரப்பிலேயே மிதந்து வருகிறது. ‘டிரை ஃப்ளை’ எனப்படும் இதை மிதப்பு ஈ என்று சொல்லலாம். வெயில் இறங்கிய பிறகு, இருட்டுவதற்கு முந்தைய அரை மணி, ஒரு மணி நேரத்தில், அடியில் நின்ற மீன் மேலெழுந்து அந்த இறகுத் துணுக்கைக் கவ்வுகிறது. நீரில் ஒரு வளையம் விரிகிறது.

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கூர்மையான கண்ணுடைய ஒரு மீன் வெறும் இறகைப் பார்த்து ஏன் ஏமாற வேண்டும்? அதற்கு ஏன் மாலைப்பொழுது வேண்டும்? மூன்றாவது கேள்வியைக் காரைக்கால்காரர்தான் கேட்க முடியும்: அந்தத் தண்ணீர் இங்கே வருகிறதே, அந்த மீன் ஏன் வரவில்லை?

தண்ணீர் வருவது உண்மைதான். அவலாஞ்சி ஓடைகள் குந்தா ஆற்றின் நீர். குந்தா மின்திட்டத்தின் அணைகளையும் சுரங்கங்களையும் கடந்து அது பவானியில் சேர்கிறது. பவானிசாகரில் தேங்கி, பவானி நகரில் கூடுதுறையில் காவிரியோடு கலந்து, கல்லணை தாண்டுகிறது. கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியிலிருந்து பிரியும் அரசலாறு, அந்த நீரில் ஒரு பங்கைக் காரைக்காலில் கடலில் விடுகிறது. ஆற்றின் தலையும் காலும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கின்றன. ஆனால் ட்ரவுட் தலைப்பகுதியை விட்டு இறங்குவதில்லை.

முட்டையாக வந்த மீன்

ட்ரவுட் நீலகிரியில் தோன்றிய மீனும் இல்லை. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து, பின்னர் ‘இந்திய மீன்கள்’ பற்றிய பெருநூலை எழுதிய ஃபிரான்சிஸ் டே, 1863-இல் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல். அதற்கு முன் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். குளிர்நீர் மீனின் முட்டை வெப்பமண்டலக் கடலைப் பல வாரங்கள் கடந்தாக வேண்டும். அந்தப் பயணத்தைத் தாங்க வைக்கும் வழி அடுத்த ஆண்டே தெரியவந்தது. 1864-இல் ‘நார்ஃபோக்’ என்ற கப்பல், பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவில் வைத்த முட்டைகளை ஆஸ்திரேலியா கொண்டுசேர்த்தது. அவை டாஸ்மேனியாவில் பொரித்தன. குளிர் முட்டையின் வளர்ச்சியை மெதுவாக்குகிறது; முட்டை பொரிப்பதற்குள் கப்பல் கரை சேர்ந்துவிடுகிறது.

சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக இருந்த எச்.சி. வில்சனின் காலத்தில்தான் நீலகிரியில் முயற்சி பலித்தது. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து முட்டைகள் வந்தன. காஷ்மீர் ஓடைகளில் ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட் நிலைபெற்றது. நீலகிரியில் நிலைத்தது பசிபிக் கடலோர அமெரிக்காவைச் சேர்ந்த வானவில் ட்ரவுட். மூணாற்று மலைகளிலும் கொடைக்கானலிலும் இந்த மீனைத் தேயிலைத் தோட்டக்காரர்களும் அரசும் வளர்த்துப் பார்த்ததும் இதே அலையின் தொடர்ச்சி.

மூச்சுக் கணக்கு

மலையில் வாழும் மீன் சமவெளிக்கு வராததற்கு முதல் காரணம் வெப்பம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். அவலாஞ்சி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே காரைக்காலைவிட அங்கே சராசரியாகப் பதின்மூன்று டிகிரி குளிர்ச்சி. நிழலடர்ந்த சோலைகளுக்குள்ளிருந்து வரும் ஓடையென்றால் குளிர்ச்சி இன்னும் கூடும்.

வெப்பம் மீனை எப்படிக் கொல்கிறது? சூட்டில் மீன் வெந்துபோகிறது என்று எளிதாக நினைத்துவிடலாம். உண்மையில் அது மூச்சில் தொடங்கும் நெருக்கடி. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 280 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி சூட்டிலுள்ள ஒரு லிட்டர் ஆற்று நீரில், கடல்மட்டத்தில், அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம்தான் கரைந்திருக்க முடியும். நீரில் வாழும் உயிர் எதுவானாலும் இந்தப் பற்றாக்குறைக்குள்தான் காலம் தள்ளுகிறது. நீர் சூடேறினால் கரைந்த வாயு வெளியேறும். வெயிலில் கிடந்த சோடா பாட்டிலைத் திறக்கும்போது பொங்கி வழிவதற்குக் காரணமும் இதுவே.

அப்படியானால் குளிர்ந்த மலை ஓடையில் ஆக்சிஜன் ஏராளமாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அழுத்தம் குறைந்தால் கரையும் வாயுவும் குறையும். 12 டிகிரி குளிர்ந்த அவலாஞ்சி நீரில் கரையக்கூடியது லிட்டருக்கு எட்டரை மில்லிகிராம் அளவே. அரசலாற்றைவிட ஒரே ஒரு மில்லிகிராம் கூடுதல். வரவில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் செலவில் இருக்கிறது. மீன் குளிர்க்குருதி விலங்கு. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். உடல் பத்து டிகிரி சூடேறினால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகமும் ஆக்சிஜன் தேவையும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பதினெட்டு டிகிரி கூடினால் மூன்று மடங்கையும் தாண்டும். அவலாஞ்சியில் நிம்மதியாக மூச்சுவிட்ட மீன், அரசலாற்றில் கிட்டத்தட்ட அதே வரவை வைத்துக்கொண்டு மூன்று மடங்குக்கும் மேல் செலவு செய்ய வேண்டும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் எஃப்.இ.ஜே. ஃப்ரை 1940-களில் தொட்டிகளில் மீன்களை வைத்து, வெப்பத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, அவை இழுக்கும் ஆக்சிஜனை அளந்து இந்த வழியில் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தார். வானவில் ட்ரவுட்டின் எல்லை 25 டிகிரியை ஒட்டி வருகிறது. காரைக்கால் ஆறுகள் கோடையில் 30 டிகிரியைத் தாண்டும். கெளுத்தியும் சிலேபியும் அந்தச் சூட்டுக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் ஈடுகொடுக்கும் உடலமைப்பு உள்ளவை. பனையேறிக் கெண்டையும் விராலும் நீர்மேல் வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கின்றன.

மண்புழுவுக்கும் இறகுக்கும் உள்ள வேறுபாடும் இங்கேயே பிறக்கிறது. பலநூறு கிலோமீட்டர் வண்டலை அள்ளிக்கொண்டு வரும் டெல்டா ஆற்றில் ஒரு முழத்துக்கு அப்பால் பார்ப்பதே அரிது. அங்கே மீசையால் தடவியும் மோப்பம் பிடித்தும் தேடுகிற கெளுத்திக்கு வாழ்க்கை சுலபம். கற்படுகையில் ஓடும் தெளிந்த மலை ஓடையில் கண்ணுக்கு வேலை உண்டு. ட்ரவுட் பார்வையால் வேட்டையாடும் மீன். எனவே அதை ஏமாற்றுகிறவர் அதன் கண்ணைத்தான் ஏமாற்ற வேண்டும்.

நீருக்குள்ளிருந்து வானம்

அந்தக் கண்ணுக்கு என்ன தெரிகிறது? ஆழமான கேணிக்குள் இறங்கியவர் அண்ணாந்து பார்த்தால் சுற்றிலும் இருண்ட சுவர், உச்சியில் வட்டமாக ஒரு துண்டு வானம். ஓடைக்குள் நிற்கும் மீனுக்கும் வானம் அப்படி ஒரு வட்டமாகவே தெரிகிறது. ஆனால் இரண்டு விஷயங்களில் மீனின் கேணி வினோதமானது. மனிதரின் கேணியில் ஆழம் போகப்போக வட்டம் சுருங்கும். மீனின் வட்டம் எந்த ஆழத்திலும் ஒரே விரிவில் தெரியும். மனிதரின் கேணியில் நேர் உச்சி வானம் மட்டும் தெரியும். மீனின் வட்டத்துக்குள் தொடுவானம் முதல் தொடுவானம் வரை மொத்த வானமும், கரையிலுள்ள மரங்களும், கரையில் நிற்கும் மனிதரும் அடங்கிவிடுகிறார்கள்.

காரணம் ஒளிவிலகல். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளிக்கதிர் வளைந்து செங்குத்தை நோக்கித் திரும்புகிறது. நேர் உச்சியிலிருந்து வரும் கதிர் வளையாது. சாய்ந்து வருவது கூடுதலாக வளையும். நீரைத் தடவிக்கொண்டு தொடுவானத்திலிருந்து வரும் கதிர்தான் மிகவும் வளைந்து, செங்குத்திலிருந்து 48.6 டிகிரியில் உள்ளே இறங்குகிறது. அதற்கு மேல் சாய்வாக எந்தக் கதிரும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. இதை மாறுநிலைக் கோணம் என்பார்கள். இரு பக்கமும் சேர்த்தால் 97 டிகிரி. அதுவே மீனின் வட்டம். நீர்ப்பரப்பில் அதன் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல் இரண்டேகால் மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் ட்ரவுட்டுக்கு 68 சென்டிமீட்டர் அகல வானம்.

வட்டத்துக்கு வெளியே கேணிச் சுவரின் இடத்தில் இருப்பது கண்ணாடி. நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் அங்கே முழுமையாக எதிரொளித்து, ஓடையின் தரையையே தலைகீழாகக் காட்டுகிறது. முழு அக எதிரொளிப்பு என்று பள்ளிப் பாடத்தில் வருவது இதுதான்.

இதையெல்லாம் மீனைக் கேட்டு யாரும் எழுதவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட், ஊசித்துளைக் கேமரா ஒன்றுக்குள் தண்ணீரை நிரப்பிப் படமெடுத்தார். துளைக்குப் பின்னால் காற்றுக்குப் பதில் நீர் இருந்ததால், நீருக்குள் இருக்கும் கண்ணுக்கு வெளியுலகம் எப்படித் தோன்றுமோ அப்படியே படத்தில் பதிந்தது. நாற்புறக் காட்சியும் வட்டத்துக்குள் மடங்கி நின்ற அந்தப் படங்களை 1906-இல் ‘மீன்கண் காட்சிகள்’ என்று வெளியிட்டார். இன்று கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர் மண்டபத்தையே ஒரு படத்தில் அடக்கப் பயன்படுத்தும் மீன்கண் லென்ஸுக்குப் பெயர் வந்தது அங்கிருந்து.

வட்டத்தின் விளிம்பில் காட்சி பயங்கரமாக நசுங்குகிறது. தொடுவானத்திலிருந்து பத்து டிகிரி உயரம் வரையுள்ள அனைத்தும் மீனின் கண்ணில் ஒரே ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடுகின்றன. சராசரி உயரமுள்ள ஒருவர் நீர்மட்டத்தில், மீனுக்குப் பத்து மீட்டர் தள்ளி நின்றால், தலை முதல் கால் வரை அந்த ஒரு டிகிரிக்குள் நசுங்கி, அநேகமாகத் தென்படாமலே போகிறார். நெருங்கி வந்தாலோ மேட்டில் ஏறினாலோ சட்டென்று நிமிர்ந்து தெரிவார். தேர்ந்த ட்ரவுட் தூண்டில்காரர்கள் குனிந்தும் முழங்காலிட்டும் ஓடையை அணுகுவது இதனால்தான்.

ஈ எங்கே உட்கார்ந்திருக்கிறது?

இனி மிதப்பு ஈக்கு வரலாம். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு மேலே துணையில்லை. பக்கத்திலும் கீழேயும் உள்ளவற்றால் மட்டும் இழுபடுகிறது. அதனால் நீர்ப்பரப்பு எப்போதும் விறைத்து நிற்கிறது. இது பரப்பு இழுவிசை. உலர்ந்த ஊசியைக் கிடையாக மெல்ல வைத்தால் அது மிதப்பதும், கோயில் குளத்தில் நீள்கால் பூச்சிகள் நீர்மேல் ஓடுவதும் அதன் தயவில்தான். மிதப்பு ஈயின் முள்ளைச் சுற்றி நாற்புறமும் சிலிர்த்து நிற்கும் சேவல் இறகின் மயிர்கள், பூச்சியின் கால்கள் போலப் பரப்பை அழுத்தி உட்கார்கின்றன. இறகில் மெழுகோ எண்ணெயோ பூசினால் நீர் ஒட்டாது.

ஒவ்வொரு காலும் பரப்பில் ஒரு சிறு குழி பதிக்கும். ஆழமில்லாத தெளிந்த குளத்தில் நீள்கால் பூச்சியின் நிழலைத் தரையில் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மெல்லிய கால்களின் நுனியில், காலுக்குப் பொருந்தாத பெரிய வட்ட நிழல்கள் விழும். அவை காலின் நிழல்கள் அல்ல. குழிகள் ஒளியை விலக்கிவிடுவதால் உண்டாகும் நிழல்கள்.

ட்ரவுட் முதலில் பார்ப்பது இந்தக் குழிகளைத்தான். பூச்சி இன்னும் வானவட்டத்துக்குள் வரவில்லை. அது இருக்கும் இடம் மீனுக்குக் கண்ணாடி. கால் குழிகள் அந்தக் கண்ணாடியைக் குலைத்து, அங்கங்கே வெளிச்சப் புள்ளிகளாக மின்னுகின்றன. பூச்சி மிதந்து நெருங்கும்போது, உயர்ந்து நிற்கும் சிறகின் நுனி வட்டத்தின் விளிம்பில் முதலில் எட்டிப்பார்க்கிறது. உடல் கண்ணாடிப் பகுதியில் மறைந்திருக்க, சிறகு மட்டும் தனியே மிதந்து வரும் காட்சி அது. கடைசியில் இரண்டும் வட்டத்துக்குள் ஒன்றுசேர்கின்றன. இங்கிலாந்தில் இ.டபிள்யூ. ஹார்டிங் 1931-இலும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வின்சென்ட் மரினாரோ 1950, 1976 ஆண்டுகளிலும் வெளியிட்ட நூல்களில் இந்தக் காட்சி வரிசையை விளக்கினார்கள்.

இறகு கட்டும் கலையின் சூட்சுமம் இப்போது விளங்கும். கையில் வைத்து மேலிருந்து பார்க்கும் மனிதருக்கு அது ஒரு பூச்சியாகவே தோன்றாமல் போகலாம். குழிகளின் மின்னல் சரியாக இருந்து, சிறகின் உயரமும் உருவமும் பொருந்தினால், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அது பூச்சிதான். தூண்டில்காரர் தன் கண்ணை ஓரமாக வைத்துவிட்டு மீனின் கண்ணைக் கடன் வாங்கிச் செய்த பொருள் அது.

இந்தக் கலை முறையாக எழுதப்பட்டது தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் ஓடைகளில். ஃப்ரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886-இல் மிதக்கும் ஈக்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1836-இல், ஆல்ஃபிரெட் ரொனால்ட்ஸ் தூண்டில்காரர்களுக்கான பூச்சியியல் நூலை எழுதியிருந்தார். ஸ்டாஃபோர்டுஷயரில் ஓர் ஆற்றங்கரையில் சிறு குடில் கட்டி, மறைந்திருந்து மீன்களைக் கவனித்தவர் அவர். கரையில் துப்பாக்கி வெடித்தால் மீன் மிரள்கிறதா என்று சோதித்தார், மிரளவில்லை. காரம் தடவிய பூச்சிகளை மிதக்கவிட்டு, மீன் ருசி பார்க்கிறதா என்றும் ஆராய்ந்தார். ஆய்வுக்கூடம் இல்லாதவர் ஆற்றையே ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார்.

தமிழ்நாட்டு மலைகளுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 18-ஆம் நூற்றாண்டில் விவரித்த, இன்றும் தன் அறிவியல் பெயரில் அவரைச் சுமக்கும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் அரக்குப் பூசியது போன்ற பளபளப்பான புள்ளிகள் இருக்கும். ஐரோப்பாவின் சால்மன் தூண்டில் ஈக்களுக்கு அந்த இறகு பெரிதும் விரும்பப்பட்டது. அதற்காகக் கொல்லப்பட்ட காட்டுக்கோழிகள் ஏராளம். பின்னர் இந்தியா அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

ஏன் அந்திப்பொழுது?

மிதப்பு ஈ நடிப்பது பெரும்பாலும் மேஃபிளை எனப்படும் பூச்சியை. ஒருபொழுதுப் பூச்சி என்று அதை அழைக்கலாம். மழைக்குப் பிறகு புற்றிலிருந்து கிளம்பும் ஈசலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈசல் கறையானின் இனம், இது நீரில் பிறப்பது. மாதக் கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேல், கற்களுக்கடியில் செவுள்களோடு வாழ்ந்துவிட்டு ஒருநாள் மேலெழும். பூச்சிகளில் சிறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிப்பது இந்தக் குலம் மட்டுமே. முழு வளர்ச்சி பெற்றபின் அதற்கு உண்ணத் தக்க வாய் கிடையாது. இணைசேர்ந்து முட்டையிட்டுச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இறந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒருபொழுதுப் பூச்சிகளை மதுரை ஆய்வாளர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் பல ஆண்டுகள் ஆராய்ந்து, குற்றாலத்தின் பெயர் தாங்கிய பீட்டர்சுலா கோர்ட்டல்லென்சிஸ் உட்படப் புதிய இனங்களை உலகுக்கு அறிவித்தார்.

இவ்வளவு மெல்லிய உடலுக்கு நண்பகல் ஆகாது. வெயிலும் காற்றும் உலர்த்திவிடும். பறவையும் தட்டானும் பிடித்துவிடும். காற்று அடங்கி ஈரப்பதம் ஏறும் அந்தியில் பல இனங்கள் கூட்டமாக நீர்மேல் ஆடி, முட்டையிட்டு, சிறகு விரிந்தபடி நீரில் விழுகின்றன. ட்ரவுட்டுக்கு அது தேடாமலே வரும் விருந்து.

அவை நீரை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பதில் ஓர் அழகான ஆய்வு உண்டு. ஹங்கேரியில் ஓர் ஓடையருகே தார்ச்சாலையில் இந்தப் பூச்சிகள் கும்பலாக முட்டையிட்டன. பெரிய தவறு, முட்டை அத்தனையும் காய்ந்து போகும். கியோர்கி கிரிஷ்கா, காபோர் ஹோர்வாத், ஷான்டோர் ஆண்ட்ரிகோவிச் மூவரும் சாலையில் வெவ்வேறு விரிப்புகளைப் பரப்பிப் பார்த்தார்கள். பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பூச்சிகள் மொய்த்தன. பளபளப்பான வெள்ளை பிளாஸ்டிக்கையோ மங்கலான கறுப்புத் துணியையோ நாடவில்லை. 1998-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இது: பூச்சி தேடுவது நீரின் நிறத்தையோ ஈரத்தையோ அல்ல. சூரிய ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. மழமழப்பான நீரில் பட்டுத் திரும்பும்போது அதில் பெரும்பகுதி கிடைவாட்டில் மட்டும் அதிரும். இதை முனைவாக்கம் என்கிறார்கள். பூச்சியின் கண்ணுக்கு முனைவாக்கமான ஒளி வரும் இடமெல்லாம் ஆறு. நிறுத்திவைத்த காரின் பானெட்டில் தட்டான் வாலைத் தொட்டுத் தொட்டு எழுவதைக் காரைக்கால் தெருக்களிலும் பார்க்கலாம். அதுவும் இதே ஏமாற்றம்தான்.

அந்தி மீனின் பக்கமும் வேலை செய்கிறது. உச்சி வெயிலில் நீர்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கே திரும்பிப்போகும். சூரியன் பத்து டிகிரி உயரத்துக்கு இறங்கும்போது மூன்றில் ஒரு பங்கு திரும்பும்; ஐந்து டிகிரியில் பாதிக்கும் மேல். ஆகவே கரையில் வெயில் மிச்சமிருக்கும்போதே நீருக்குள் பொழுது சாயத் தொடங்குகிறது. மீன்கொத்திக்கு மீன் தெரிவது கடினமாகிறது. மீன் துணிந்து மேலே வருகிறது.

அதன் கண்ணும் இப்போது தன்னை மாற்றிக்கொள்கிறது. ட்ரவுட்டின் கண்மணி மனிதரின் கண்மணி போலச் சுருங்கி விரிவதில்லை. அதற்குப் பதிலாக விழித்திரையின் செல்களே இடம்பெயர்கின்றன. பகலில் நிறம் காணும் கூம்பு செல்கள் முன்னணியில் நிற்கும். மங்கலில் உணரும் குச்சி செல்கள் கருநிறமியின் நிழலில் பதுங்கியிருக்கும். இருட்டத் தொடங்கியதும் கூம்புகள் பின்வாங்கிக் குச்சிகள் முன்வரும். எம்.ஏ. அலி என்ற ஆய்வாளர், சால்மன் குஞ்சுகளின் விழித்திரையை வெவ்வேறு வெளிச்சத்தில் வெட்டிப் பார்த்து 1950-களின் இறுதியில் இதை விரிவாகப் பதிவுசெய்தார். இந்த மாற்றம் நொடியில் நிகழாது. அந்த இடைவேளையில் நிறம் மங்குகிறது. வானவட்டத்தின் மிச்ச வெளிச்சத்துக்கு எதிரே உருவம் மட்டும் கறுப்பாகத் துலங்குகிறது. நண்பகலில் நூலின் நிறம் வரை ஆராய்ந்து ஒதுக்கிய மீன், அந்தியில் அளவும் உருவமும் சரியாக இருந்தால் கவ்வுவதற்கு இது ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் அந்தியிலும் மீன் மன்னிப்பதில்லை: இழுபடும் ஈயை. உண்மையான பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே வரும். ஓடையின் நடுவில் நீர் விரைவாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடுவதால், குறுக்கே கிடக்கும் நரம்பை நடு ஓட்டம் இழுத்து, ஈ கோடு கிழித்துக்கொண்டு நகரும். நீருக்குள் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். மீன் திரும்பிவிடும்.

எழும் வளையமும் பேசும். பரப்பிலிருக்கும் பூச்சியை மீன் உறிஞ்சும்போது கொஞ்சம் காற்றும் வாய்க்குள் போய்ச் செவுள் வழியே வெளியேறும்; வளையத்தின் நடுவில் குமிழிகள் மிஞ்சும். குமிழியில்லாத வளையமென்றால் மீன் பரப்புக்குக் கீழேயே எதையோ பிடித்திருக்கிறது. அப்போது மிதப்பு ஈயை மாற்றிவிட்டு மூழ்கும் ஈயைக் கட்டுவார்கள்.

மலைக்கு மேலே இடமில்லை

இந்த மீனைப் பற்றிப் பேசும்போது அதன் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் சர்வதேசப் பட்டியலில் வானவில் ட்ரவுட், பழுப்பு ட்ரவுட் இரண்டும் இருக்கின்றன. ட்ரவுட்டை அறியாத ஓடையில் வளர்ந்த பூச்சிகளுக்கும் தலைப்பிரட்டைகளுக்கும், பார்த்து வேட்டையாடும் இந்த மீன் புதிய ஆபத்து. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் தவளை இனங்கள் பல இருக்கும்போது, எந்த ஓடையிலும் குஞ்சு விடலாம் என்ற நூறாண்டுக்கு முந்தைய மனப்போக்கு இன்று ஏற்கத்தக்கதல்ல. ஏற்கெனவே ட்ரவுட் இருக்கும் ஓடைகளுக்குள் தூண்டிலை வைத்துக்கொண்டு, இல்லாத ஓடைகளை அப்படியே விடுவது நல்லது.

இன்னொரு பக்கம், ட்ரவுட்டுக்கும் நெருக்கடி நெருங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கைத் திருப்பிப் போட்டால், காற்று ஒரு டிகிரி சூடேறினால் அதே குளிர்ச்சிக்கு 150 மீட்டர் மேலே போகவேண்டும். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உச்சியை நெருங்க நெருங்க ஓடைகள் கால்வைத்துத் தாண்டுமளவு குறுகிவிடுகின்றன. சோலைக் காடுகளின் நிழல் எஞ்சிய ஓடைகளே வெப்பத்துக்குத் தடுப்பு. அந்த நிழலை நம்பி வாழ்பவற்றில் ஒருபொழுதுப் பூச்சிகளும் உண்டு. பின்னால் பவானியிலும் காவிரியிலும் சேரப்போகும் தண்ணீரும் அங்கேதான் ஊறுகிறது.

மீன் பார்க்கும் வானத்தைப் பார்க்க அவலாஞ்சிவரை போகவேண்டியதில்லை. வுட்டுக்கு நீர் நிரப்பிய கேமரா தேவைப்பட்டது; இன்று நீர்புகா உறையிலிட்ட கைபேசி போதும். தெளிந்த நீருள்ள ஒரு தொட்டியில் அலை அடங்கிய பிறகு, கேமராவை நீர்ப்பரப்பை நோக்கிப் பாதி சாய்வாகத் திருப்பி முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் பிடித்து, அகன்ற கோணத்தில் வீடியோ எடுக்கலாம். வெளிச்ச வட்டத்தின் ஒரு பகுதி, அதற்கு வெளியே இருண்ட கண்ணாடி, விளிம்பில் நசுங்கிய மரங்கள் மூன்றும் கிடைக்கும். பிறகு ஒரு கோழி இறகை வட்டத்துக்கு வெளியிலிருந்து உள்ளே மெல்லத் தள்ளி, முதலில் தெரிவது எது என்று கவனிக்கலாம்.